தீவுத்திடல் சர்க்கஸ்: கேலரியில் உட்காருங்கள், கயிற்றைப் பாருங்கள்

சென்னை தீவுத்திடலில் சர்க்கஸ் கூடாரம் போட்டிருக்கிறார்களே, போகலாமா, காசுக்குத் தேறுமா என்று வீட்டு குரூப்பிலும் ஆபீஸிலும் மாறி மாறிக் கேட்கிறார்கள், ஒரேயடியாக இங்கே எழுதிவிடுகிறேன். போகலாம். தாராளமாகப் போகலாம். ஆனால் 500 ரூபாய் சேர் வேண்டாம், 200 ரூபாய் கேலரி போதும், அதுவும் நுழைந்ததும் இடது கைப்பக்கம் போய் மேல் படிகளில் உட்காருங்கள். ஏன் என்று பின்னால் வருகிறது. கம்பெனி பெயரை எழுதப்போவதில்லை. நான் புலம்பப்போகிற விஷயங்களில் பாதி, இப்போது ஊர் ஊராகச் சுற்றும் மற்ற கூடாரங்களுக்கும் பொருந்தும் என்றுதான் தோன்றுகிறது.

காரில் போகாதீர்கள். உள்ளே விடும்போது நன்றாகத்தான் விடுகிறார்கள், ஏழு மணி ஷோ முடிந்து வெளியே வரும்போது அத்தனை வண்டியும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டு தூசியில் நிற்கின்றன. மெட்ரோவில் அரசினர் தோட்டம் இறங்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு கூவம் பாலத்தைத் தாண்டினால் மன்றோ சிலை தெரியும், அதையொட்டித்தான் திடல். அந்தக் காலத்து மெட்ராஸ் கவர்னருக்கு 1839இல் வைத்த சிலை அது, கால் வைக்கும் அங்கவடி இல்லாத குதிரையில் மன்றோ உட்கார்ந்திருக்கிறார் என்று சென்னைக்காரர்கள் ஆளாளுக்கு ஒரு கதை சொல்வார்கள் இல்லையா, அந்தச் சிலைதான். சர்க்கஸுக்குப் போகும் வழியில் ஒரு குதிரை நிற்பது பொருத்தம்தான், ஏனென்றால் இன்றைய சர்க்கஸ் கிளம்பியதே குதிரையிலிருந்துதான். 1768இல் லண்டனில் பிலிப் ஆஸ்ட்லி என்ற முன்னாள் குதிரைப்படைக்காரர், குதிரையை வட்டமாக ஓடவிட்டு அதன் முதுகில் எழுந்து நின்று வித்தை காட்டினார். வட்டத்தில் ஓடுகிற குதிரை உள்பக்கமாகச் சாயும், மேலே நிற்பவரும் கூடவே உள்ளே சாய்வார், வெளியே தள்ளும் விசை அவரைக் கீழே விழவிடாமல் குதிரையின் முதுகோடு சேர்த்து அழுத்தும். நேர்க்கோட்டில் ஓடினால் இந்த வசதி கிடையாது. அவர் பெரிதும் சிறிதுமாகப் போட்டுப் பார்த்துக் கடைசியில் வந்து நின்ற அளவு 42 அடி விட்டம், உலகம் முழுக்க சர்க்கஸ் ரிங் என்றால் அந்த 42 அடிதான் கணக்கு.

இந்தக் கூடாரத்திலும் கண்ணளவில் அதே வட்டம், சிவப்பும் வெள்ளையும் அடித்த வரம்போடு இருக்கிறது. குதிரைதான் இல்லை. அந்தச் சுற்றுவட்டாரத்தில் உள்ள ஒரே குதிரை மன்றோவுடையது.

மிருகங்கள் இல்லாததை நான் குறையாகச் சொல்லவில்லை. சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, குரங்கு இவற்றை வைத்து வித்தை காட்டக் கூடாது என்று மத்திய அரசு 1998இல் அறிவிக்கை போட்டது, 2001இல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது, நல்ல காரியம். என் குறை, போன மிருகங்களுக்குப் பதிலாக இவர்கள் கொண்டுவந்து நிறுத்தியிருக்கும் ரோபோ யானை மேல். காதை ஆட்டுகிறது, தும்பிக்கையைத் தூக்குகிறது, தண்ணீர் பீய்ச்சுகிறது, முடிந்தது. அதன் பின்னால் எல்.இ.டி. திரையில் காடு, அதற்கப்புறம் கொரில்லா வேஷம் போட்ட ஒருவர் பார்வையாளர்களுக்கு நடுவே ஓடி வந்து சின்னப் பிள்ளைகளை அழவைக்கிறார். ஷோ தொடங்கி முதல் 20 நிமிடம் இப்படியே போகிறது. "மாமா, இது சும்மா பொம்மைதானே, எப்போ நிஜமா ஆரம்பிப்பாங்க?" என்று என் அக்கா மகன் கேட்டான். அவனுக்கு எட்டு வயது. எட்டு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்தது கம்பெனிக்குத் தெரியவில்லை. மிருகம் போனபின் மிச்சம் இருப்பது மனித உடம்பு, அது ஒன்றும் சாதாரண மிச்சம் இல்லை, ஆஸ்ட்லி பிறப்பதற்கு ஆயிரத்தைந்நூறு வருடம் முன்னாலேயே நம் ஊர்ப் பக்கம் கூட்டம் கூட்டிய சரக்கு அதுதான். இவர்களிடம் அந்தச் சரக்கு இருக்கிறது. அதை வெளியே எடுத்து வைக்கத்தான் கூச்சப்படுகிறார்கள்.

கயிற்று ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதைத் தனி ஐட்டமாகக்கூடப் போடவில்லை. டிரபீஸுக்கு, அதாவது ஊஞ்சல் விட்டு ஊஞ்சல் பறக்கும் ஆட்டத்துக்கு, வலை கட்ட ஆட்கள் உள்ளே வந்து கம்பி இழுத்துக்கொண்டிருக்கிறார்கள், அந்த நேரத்தை ஓட்டுவதற்காக ரிங்கின் ஓரத்தில் ஒரு பெண் கயிற்றில் ஏறுகிறார். நாற்பதை நெருங்கும் வயது இருக்கும். நிமிர்ந்து பார்க்கிற உயரத்தில் கயிறு, இரண்டு பக்கமும் அதைத் தாங்கக் குறுக்காகக் கட்டிய கழிகள், கையில் நீளமான மூங்கில். முதலில் வெறுங்காலோடு போய் வந்தார். அப்புறம் தலையில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று சொம்பு. அப்புறம் காலுக்கடியில் ஒரு எவர்சில்வர் தட்டை வைத்து, அதன்மேல் மண்டியிட்டபடி கயிற்றில் நகர்ந்து நகர்ந்து அந்தப் பக்கம் சேர்ந்தார். கடைசியில் சைக்கிள் ரிம்மின் உள்வட்டத்தில் இரண்டு காலையும் வைத்து ரிம்மை உருட்டியபடி திரும்பி வந்தார். பக்கத்துப் படியிலிருந்த அம்மா ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டார். இத்தனையும் நடக்கும்போது மைக்கில் ஓடிக்கொண்டிருந்தது என்ன தெரியுமா? வாசலை அடைத்து நிற்கும் ஒரு வெள்ளைக் காரின் நம்பர். உரிமையாளர் உடனே வந்து எடுக்கவும், உடனே வந்து எடுக்கவும்.

அவர் பாதத்தைப் பாருங்கள், மற்றதை விடுங்கள். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் கயிறு பிடிபடுகிறது, விரல் நுனிதான் முதலில் தொட்டுத் தேடுகிறது, குதிகால் பிறகுதான் இறங்குகிறது. கண் கயிற்றில் இல்லை, எதிர்முனையில் குறுக்குக் கழிகள் சேரும் இடத்திலேயே நிலைத்திருக்கிறது. மூங்கில் அழகுக்கு இல்லை. அவ்வளவு நீளமான கழியைச் சட்டென்று சுழற்றிவிட முடியாது அல்லவா, அதனால் உடம்பு ஒரு பக்கம் சாயத் தொடங்கினாலும் சாய்வு மெதுவாகத்தான் நடக்கும், சரிசெய்துகொள்ள அவருக்கு ஒரு கணம் கூடுதலாகக் கிடைக்கும். முனைகள் கீழே வளைந்து தொங்கும் அளவுக்கு நீளமும் பாரமும் இருந்தால் மொத்த எடையின் மையமும் கொஞ்சம் இறங்கும். கேலரியின் மேல் படியில் உட்கார்ந்தால் அந்த மூங்கில் நுனிகள் இரண்டும் மாறி மாறி ஏறி இறங்குவது கண் மட்டத்தில் தெரிகிறது. சேரில் உட்கார்ந்தவர்களுக்கு வலை கட்டுகிறவர்களின் முதுகுதான் தெரிந்திருக்கும்.

இது எவ்வளவு பழைய வித்தை என்றால், குறுந்தொகையில் 7ஆம் பாட்டில் இது இருக்கிறது. வேனில் காற்றில் வாகை நெற்று கலகலக்கிற சத்தத்துக்கு அந்தப் புலவர் சொல்கிற உவமை, ஆரியர் கயிற்றில் ஆடும்போது கொட்டும் பறை. நற்றிணை 95இல் இன்னும் அழகான காட்சி ஒன்று. குழலும் வாத்தியங்களும் ஒலிக்க ஆடுமகள் நடந்துபோன முறுக்குக் கயிறு அப்படியே கட்டிக் கிடக்கிறது, அத்திப்பழம் மாதிரி சிவந்த முகம் கொண்ட மந்தியின் குட்டி ஒன்று அதைப் பிடித்துத் தொங்கி ஊஞ்சலாடுகிறது, அதைப் பார்த்துக் குறவர் வீட்டுச் சின்னப் பிள்ளைகள் பாறை மேல் ஏறி நின்று தாளம் கொட்டுகிறார்கள். ஆட்டக்காரி ஊர்விட்டுப் போன பிறகும் ஆட்டம் நிற்கவில்லை. எனக்கு இதில் பிடித்த இன்னொரு விஷயம், குறுந்தொகைக் காலத்திலேயே கயிற்றில் ஆடியவர்கள் வடக்கிலிருந்து வந்தவர்கள். நம் தெருக்களில் குறுக்குக் கழி நட்டுச் சின்னப் பெண்ணை ஏற்றி நடக்கவிடும் குடும்பங்களையும் பார்த்திருப்பீர்கள், பேச்சுக் கொடுத்தால் இந்திதான் வரும். இந்தக் கூடாரத்துப் பெண்மணி அசாமாம்.

இரண்டு பாட்டிலும் கயிற்றோடு வாத்தியம் சேர்ந்தே வருவதைக் கவனியுங்கள். தெருவில் ஆடும்போதும் கீழே ஒருவர் மேளம் அடித்துக்கொண்டே இருப்பார், மேலே இருப்பவரின் காலைப் பார்த்துத்தான் அடிப்பார், திரும்பும் இடத்தில் அடி மாறும், ஆட்டம் கண்டால் வேகம் குறையும். இங்கே பென் டிரைவில் ஏற்றிய டிஜே பாட்டு, அந்தப் பெண்ணின் கால் ஒரு தாளத்தில், ஸ்பீக்கர் இன்னொரு தாளத்தில். பறையும் மேளமும் அடிக்க ஆள் பஞ்சமா சென்னையில்? ரோபோ யானைக்குக் கொடுத்த வாடகையில் பத்தில் ஒரு பங்கைக் கொடுத்தால் ஷோ முழுக்க ஆள் வைத்து வாசிக்கலாம். இது ஒன்றை மட்டும் மாற்றினாலே நான் இந்த விமர்சனத்தைத் திருத்தி எழுதத் தயார்.

ஜோக்கர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உயரத்தை வைத்துச் செய்யும் பழைய கிண்டல், அறை, மறுபடி அறை. கூட்டம் சிரிக்கத்தான் செய்தது, எனக்கு நெளிந்தது. அதில் ஒருவர் நடுவே இரண்டு நிமிடம் ரோலா போலா செய்தார், உருளை மேல் பலகை, பலகை மேல் இன்னொரு உருளை என்று நாலு அடுக்கு, அப்போதுதான் அந்த மனிதருக்கு என்னென்ன தெரியும் என்றே புரிந்தது. அதற்கு ஏன் அறை வாங்க வேண்டும்.

பந்து வீசிப் பிடித்த பையன் நன்றாகச் செய்தான். மூன்றில் ஆரம்பித்து ஐந்து வரை போனான், பிறகு கட்டைகள். ஐந்தாவது கட்டை ஒருமுறை கையில் சிக்காமல் விழுந்தது, எடுத்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தான், கைதட்டல் அப்போதுதான் அதிகம். வீட்டுக்கு வந்து பிள்ளைகள் எலுமிச்சம்பழத்தை வைத்து முயற்சி செய்தால் இதைச் சொல்லிக்கொடுங்கள்: மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படையில் பந்து இருந்தால் ஒவ்வொன்றும் ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போகும், நடுவில் ஒன்றையொன்று தாண்டும். நான்கு என்றால் வழக்கமாகத் தாண்டாது, கைக்கு இரண்டாக அந்தந்தக் கையிலேயே மேலே போய் வரும். எகிப்தில் பெனி ஹசன் கல்லறைச் சுவரில் பெண்கள் பந்து வீசிப் பிடிப்பதை வரைந்து வைத்திருக்கிறார்கள், ஏறக்குறைய நாலாயிரம் வருடப் பழசு. நம் வீட்டுப் பெண்கள் ஆடிய அம்மானையும் இதே வித்தைதானே, பாட்டுப் பாடிக்கொண்டே காய்களை மேலே போட்டுப் பிடிப்பது, மாணிக்கவாசகர் அதிலேயே ஒரு பதிகம் பாடினார். வித்தை என்று யாரும் மதிக்காத அளவுக்கு அது வீட்டுக்குள் புழங்கியிருக்கிறது.

அதே வித்தையை வைத்து லண்டனைக் கூட்டியவர் ஒருவர் உண்டு. 1810களில் ராமோ சாமி என்ற பெயரில் இந்திய வித்தைக்காரர் ஒருவர் அங்கே மேடையேறினார், பெயரைப் பார்த்தாலே நம்ம ராமசாமி மாதிரிதான் இருக்கிறது. பந்து வீசுவார், வாள் விழுங்குவார், வாய்க்குள்ளேயே மணிகளைக் கோத்து எடுப்பார். 1819இல் அமெரிக்கா வரைக்கும் போய் வந்தார். 1850இல் அவர் இறந்தபோது அடக்கம் செய்யக் காசில்லாமல் அவர் மனைவி பத்திரிகை வழியாக உதவி கேட்க வேண்டியிருந்தது. ஐந்து கட்டை வீசிய பையனின் பெயரைக்கூட மைக்கில் சொல்லவில்லை, அதனால் இது நினைவுக்கு வந்தது.

இன்னொரு மைக் சமாசாரம். எத்தியோப்பியாவிலிருந்து வந்த இளைஞர்கள் மனிதப் பிரமிடு கட்டினார்கள், தீப்பிடித்த கம்பிக்கு அடியில் முதுகை வளைத்துப் போனார்கள், உடம்பா ரப்பரா என்று தெரியவில்லை. அவர்களை "ஆப்பிரிக்கக் காட்டுவாசிகள்" என்று அறிமுகம் செய்தார் அறிவிப்பாளர். கம்பிக்கு அடியில் வளைந்து போகும் அந்த லிம்போ ஆட்டம் டிரினிடாட் தீவிலிருந்து வந்தது, அந்தப் பையன்கள் ஊரில் முறையாகப் பயிற்சி எடுத்த ஜிம்னாஸ்டிக் வீரர்கள் என்பது முதல் குட்டிக்கரணத்திலேயே தெரிகிறது. பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் இப்படிப் பேசுவதைக் கம்பெனிக்காரர்கள் முதல் வேலையாக நிறுத்த வேண்டும்.

கம்பத்தில் ஏறும் ஐட்டம் சுமார். நம் விழுப்புரத்துப் பிள்ளைகள் எண்ணெய் தேய்த்த தேக்குக் கட்டையில் ஆடும் மல்லர் கம்பத்தைப் பார்த்தவர்களுக்கு இது கண்ணில் நிற்காது.

இனி டிரபீஸ். இதற்காகவே 200 ரூபாய் கொடுக்கலாம். இந்தக் கூடாரத்தில் ஊஞ்சல்களை, கலைஞர்கள் வரும் வாசலிலிருந்து சேர் இருக்கும் பக்கமாக நீளவாக்கில் கட்டியிருக்கிறார்கள். 500 ரூபாய் கொடுத்தவர்கள் கழுத்தை ஒடித்துக்கொண்டு அடியிலிருந்து பார்க்கிறார்கள், அவர்களுக்குத் தெரிவது உள்ளங்கால்தான். இடப்பக்கக் கேலரியில் உட்கார்ந்தால் முழு வளைவும் பக்கவாட்டில் கிடைக்கிறது: பலகையிலிருந்து குதிப்பவர், எதிர் ஊஞ்சலில் முழங்காலை மடித்துத் தலைகீழாகத் தொங்கும் கேட்சர், நடுவில் ஒன்றுமில்லாத வெறும் இடம். ஊஞ்சல் மேலே போய்த் திரும்பப்போகிற அந்த ஒரு கணத்தில் உடம்புக்கு எடையே இல்லாத மாதிரி இருக்கும், அப்போதுதான் கையை விட வேண்டும். முந்தி விட்டால் எகிறிப் போகும், பிந்தி விட்டால் கேட்சர் திரும்பிப் போய்விட்டிருப்பார். 1859இல் பாரிஸில் இதை முதலில் மேடையேற்றிய ஜூல் லியோத்தார், துலூஸ் ஊரில் அப்பா வைத்திருந்த நீச்சல் குளத்துக்கு மேலேதான் பழகினார், விழுந்தால் தண்ணீர். மேடையில் வலை கிடையாது, கீழே மெத்தைதான். அவர் போட்ட இறுக்கமான உடுப்புக்கு இன்றும் அவர் பெயர்தான், ஜிம்னாஸ்டிக் பெண்கள் போடுகிறார்களே, அது.

இவர்கள் இரட்டைக் கரணம் வரை செய்தார்கள். 1982இல் மிகுவேல் வாஸ்கெஸ் என்ற மெக்சிகோக்காரர் நான்கு போட்டிருக்கிறார், அந்தக் கணக்கை இங்கே கொண்டுவரத் தேவையில்லை. ஒரு பெண் முதல் தடவை கேட்சரின் விரலைத் தொட்டும் பிடி கிடைக்காமல் வலையில் விழுந்தார், எழுந்தார், கயிற்றேணியில் மறுபடி ஏறினார், இரண்டாவது தடவை மணிக்கட்டும் மணிக்கட்டும் பூட்டிக்கொண்டபோது இருவர் கையிலிருந்தும் வெள்ளைப் பொடி புகையாகப் பறந்தது. மைக் அப்போது மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தது. கடைசியில் ஜோக்கர் பறந்து வர, கேட்சர் அவர் கால்சட்டையை மட்டும் உருவிக்கொண்டு விடும் அந்தப் பழைய ஐட்டமும் உண்டு, அதற்கு நானும் சிரித்தேன்.

கேலரி வாசலில் டிக்கெட் கிழிப்பவர் நரைத்த மீசைக்காரர், கேரளாவில் தலச்சேரிப் பக்கம். உள்ளங்கையில் விரல் அடிகளில் எல்லாம் காய்த்துப்போய் நடுவில் வெடிப்பு. இடைவேளையில் டீ குடிக்கும்போது, "சேட்டா, நீங்களும் பறந்தவரா?" என்று கேட்டேன்.

"பறக்கலை சாரே, பிடிச்சேன். கேட்சர். முதல்ல மூணு மாசம் வலையில விழ மட்டும்தான் விட்டாங்க. முதுகு படணும். கால் பட்டா முட்டி போச்சு, தலை பட்டா ஆளே போச்சு."

தலச்சேரி என்றாலே இந்தியாவில் சர்க்கஸ் ஊர். இத்தாலிக்காரர் கியாரினியின் சர்க்கஸ் பம்பாய்க்கு வந்ததைப் பார்த்து, நம்மால் முடியாதா என்று விஷ்ணுபந்த் சத்ரே 1880இல் முதல் இந்திய சர்க்கஸைத் தொடங்கினார். அவருடைய கம்பெனி தலச்சேரி வந்தபோது களரியும் உடற்பயிற்சியும் சொல்லிக்கொடுத்த கீலேரி குஞ்ஞிக்கண்ணனோடு பழக்கமாகி, குஞ்ஞிக்கண்ணன் 1901இல் சிறக்கரையில் சர்க்கஸ் பள்ளி ஆரம்பித்தார். அங்கே படித்தவர்களும் அவர்களிடம் படித்தவர்களும்தான் நாடு முழுக்கக் கூடாரம் போட்டார்கள். 2011இல் உச்ச நீதிமன்றம் பிள்ளைகளை சர்க்கஸில் வைக்கக் கூடாது என்றது. ஆறு ஏழு வயதில் உடம்பை வளைத்துப் பழக்கியதெல்லாம் அதோடு நின்றது, நிற்க வேண்டியதுதான். அதன் விளைவு ரிங்கில் தெரிகிறது: முப்பதைத் தாண்டிய ஆட்கள்தான் அதிகம், வெளிநாட்டு ஆட்கள் அதிகம். சேட்டாவின் மகன் துபாயில் ஏசி மெக்கானிக்காம். "நல்ல சம்பளம். இதுல என்ன இருக்கு" என்றார், அப்புறம் டிரபீஸ் தொடங்கியதும் கிழித்த டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே உள்ளே வந்து நின்று பார்த்தார்.

மற்ற விவரங்கள். மதியம் ஒரு மணி ஷோ வேண்டவே வேண்டாம், கூடாரத் துணிக்கு அடியில் வெந்துபோவீர்கள், ஏழு மணி பரவாயில்லை. கேலரி என்பது வெறும் பலகை, இரண்டரை மணி நேரத்துக்கு ஒரு துண்டோ பழைய தலையணையோ கொண்டுபோனால் இடுப்பு தப்பும். உள்ளே பாப்கார்ன் 100 ரூபாய், தண்ணீர் பாட்டிலை வாசலில் பிடுங்குவதில்லை என்பது ஆறுதல். கழிவறை பெண்கள் பக்கம் சுத்தமாக இருந்தது என்று அக்கா சொன்னாள், ஆண்கள் பக்கம் பற்றிப் பேச வேண்டாம். கடைசி ஐட்டம் இரும்புக் கூண்டுக்குள் மூன்று பைக் சுற்றுவது, ரிங்கில் புகை அப்படியே நிற்கிறது, இழுப்பு உள்ளவர்களும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் டிரபீஸ் முடிந்ததும் எழுந்துவிடுங்கள், மெட்ரோவில் உட்கார இடமாவது கிடைக்கும்.